கமரா வலம் வந்த நாள்

பூரணிக்குப் "பார்ப்பம்" என்று சொல்லத் தெரியாது. "செய்வம்" என்றுதான் சொல்லுவாள். நாளைக்கு என்ன நடக்கும் என்று திருகோணமலையில் ஒருவருக்கும் தெரியாத 2006இல், அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே நான் அவளைத் தேடிப் போவேன்.

சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வந்து இரத்த வங்கியில் வேலை செய்தவள் அவள். என் மகளுக்குத் தலசீமியா. பிள்ளையின் உடம்பு ஈமோகுளோபினைப் போதிய அளவு செய்யாது. மாதாமாதம் யாரோ ஒருவருடைய இரத்தம் ஏற வேண்டும். போரில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்த பிறகு வீதியெல்லாம் இராணுவச் சோதனை. இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அந்த மாதம் மகளின் உதடு வெளுக்கத் தொடங்கியிருந்தது. இரத்தம் குடுத்தால் ஆள் பெலனில்லாமல் கழண்டுபோகும் என்று கதை பரப்பிய பக்கத்து வீட்டுக்காரியோடு நான் வேலியில் நின்று சண்டை பிடித்தேன்.

"சண்டை பிடிச்சு ரத்தம் எடுக்க ஏலாது புஷ்பவதி அக்கா," என்றாள் பூரணி. "படம் காட்டுவம்."

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள் ஒன்றை அவள் எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்தாள். எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று சில காட்சிகளை மட்டும் பதிந்துவிட்டால் போதும். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கமரா போகும் வழியை மென்பொருளே போட்டுக்கொள்ளும். ஈமோகுளோபினை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு உள்ளே நுழைந்து, ஒட்சிசன் வந்து அமரும் இரும்பணுவின் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவள் திட்டம். கரண்ட் இருந்த நேரமெல்லாம் கணினி ஒவ்வொரு படமாக வரைந்தது.

"கலியாண வீடியோக்காரன் உன்னட்டப் பிச்சை வாங்கவேணும்," என்றேன்.

"அவையின்ர மாப்பிள்ளையை விட இது வடிவு," என்றாள்.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் காட்டினோம். மண்டபத்தின் திறப்பு, கோயிலை நிர்வகித்த வண்ணக்கர் கனகரத்தினத்தின் கையில் இருந்தது. அவர் திறந்துவிட்டு முன்வரிசையில் கதிரை போட்டு அமர்ந்தார். ஜெனரேற்றர் ஓட, கணினியோடு இணைத்த தொலைக்காட்சித் திரையில் ஈமோகுளோபின் சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தது. கமரா அதைச் சுற்றத் தொடங்கியதும் சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார் கனகரத்தினம். "இது இடமாச் சுத்துது."

கோயிலில் சாமியைச் சுற்றுவது வலமாக. இடமாகச் சுற்றுவது சுடலையில், பிரேதத்தை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்ர பிள்ளைக்கு உதடு வெளுத்துப் போச்சு, நீங்கள் சுத்துற பக்கம் பாக்கிறீங்களோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "இந்த வருசம் நான் இப்பிடிச் சுத்தினதே போதும் பிள்ளை," என்றார் பூரணியிடம்.

சித்திரையில் தன் ஒரே மகனுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். நான் உட்கார்ந்தேன்.

"ஓம் ஐயா, மாத்துவம்," என்றாள் பூரணி. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்றுதான் அவள் காட்சிகளைப் பதிந்திருந்தாள். மென்பொருள் தனக்குக் கிட்டிய வழியைப் பிடித்துக்கொண்டது. எல்லாப் படங்களையும் திரும்ப வரைய நேரமில்லை. அதனால் அவள் மென்பொருளையே திரையில் திறந்தாள். வலம் வரும் வழியில் இடையிடையே இன்னும் சில காட்சிகளைப் பதிந்தாள். இனிக் கமரா அந்த வழியால்தான் போயாக வேண்டும்.

இந்த முறை மினுக்கம் இல்லை, தத்தித் தத்தித்தான் ஓடியது. ஆனால் வலமாக ஓடியது. பழக்கதோஷத்தில் யாரோ கைகூப்பினார்கள். கமரா ஒரு சுற்று முடித்து, உள்ளே இறங்கி, இரும்பணுவின் முன்னால் நின்றது. வாசலுக்குப் போன பெண் திரும்பி வந்து அமர்ந்தாள்.

"நாங்கள் இழுக்கிற மூச்சு இதிலதான் வந்து இருக்குது," என்றாள் பூரணி. "அக்காவின்ர பிள்ளைக்கு இது காணாது. உங்களிட்ட இருக்கு. குடுத்தாலும் உங்களுக்குத் திரும்ப ஊறும்."

கனகரத்தினம் எழுந்து சேட்டுக் கையை மடித்தார். "மகன் இருந்திருந்தால் முதல் ஆளா நிண்டிருப்பான்," என்றார். பூரணி அவருடைய வயதைக் கேட்டு, இரத்த அமுக்கம் பார்த்து, இரத்தம் எடுக்க மண்டபத்தின் ஓரத்தில் போட்டிருந்த கட்டிலைக் காட்டினாள். அவருக்குப் பின்னால் சனம் வரிசையாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரியும் அதில் நின்றாள்.

அந்தக் கிழமையே மகளுக்கு இரத்தம் ஏறியது. யாருடையது என்று பூரணி சொல்லவில்லை. அதைச் சொல்லக் கூடாதாம். உதடு சிவந்த பிள்ளையை வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் நின்ற கனகரத்தினம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"வாங்கோ பிள்ளை, ஒருக்காச் சுத்திப்போட்டு வருவம்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வலமாக நடந்தார்கள்.