பிரசாந்தியின் பெயரில்லாத பாட்டு

முதலில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவாள். பிறகு மின்விசிறி. பிறகு பிறிஜ்ஜின் பிளக்கைக் கழற்றுவாள். கொக்கரிக்கிற கோழிகளுக்கு ஒரு பிடி அரிசியை அள்ளி வளவின் அடுத்த மூலைக்கு வீசுவாள். கடைசியாக மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "கேதீஸ்வரியக்கா, ஒரு பத்து நிமிசத்துக்கு மிக்சி போடாதேங்கோ" என்று கெஞ்சுவாள். இவ்வளவும் முடிந்த பின்னர்தான் பிரசாந்தி கைத்தொலைபேசியோடு அலுமாரிக்குள் ஏறி, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொள்வாள்.

"உவள் திரும்ப அலுமாரிக்கை போயிட்டாள்" என்று தாய் தங்கமுத்து வாசலில் நின்று அறிவிப்பாள். கோப்பாயில் அந்த ஒழுங்கை முழுவதும் சத்தம் அடங்கிவிடும். மீன்காரர்கூடப் பொம்பிளைப் பிள்ளை பாடுகிறது என்று ஹோர்ன் அடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்.

தொங்குகிற சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. தாயின் கூறைச்சேலைக்கும் பூச்சியுருண்டை மணத்துக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் பாடிப் பதிவு செய்தவை இதுவரை நாற்பத்திரண்டு பாட்டுகள். எழுதுவது, மெட்டுப் போடுவது, கீபோட் வாசிப்பது, தாளத்துக்குச் சோற்றுக் கரண்டியால் மேசையைத் தட்டுவது, எல்லாம் அவளே. வேர்த்து வழிந்து வெளியே வரும்போது ஏதோ போருக்குப் போய் வந்தவள் போலிருப்பாள். சில நாட்களில் உதட்டைப் பிதுக்கி, "சுருதி செத்துப்போச்சணை" என்பாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அவளோடு கதைக்கக்கூடாது.

வயது முப்பத்தொன்பது. இசையில் பட்டம் பெற்றவள். அரசாங்க வேலைக்குக் காத்திருந்து அலுத்து, இப்போது உரும்பிராயில் ஒரு தனியார் ரியூட்டரியில் சங்கீதம் படிப்பிக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டே வருகிற பஸ் எதுவென்று ஹோர்னின் சுருதியை வைத்துச் சொல்வாள். தன் உடைமைகளில் எல்லாம் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. குடையின் பிடியில், சாப்பாட்டுப் பெட்டியின் அடியில், செருப்பின் உட்பக்கத்தில்கூட, சிவப்பு நகப்பூச்சால் "பிரசாந்தி". "பேர் போடாத சாமான் பிறத்தியான்ரை சாமான்" என்பாள். அப்படிப்பட்டவள்தான் தன் வாழ்க்கையில் எழுதிய மிக நல்ல பாட்டின் கீழே பெயர் போடாமல் விட்டாள்.

ஏன் விட்டாள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. தம்பி யதுசன் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு எழுதிய பாட்டு அது.

இருபத்தாறு வயதுப் பிள்ளை. பின்னேரம் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "மூடி வையணை, இந்தா வாறன்" என்று மோட்டார்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சந்தியில் மணல் ஏற்றி வந்த ரிப்பர் லொறி அவனைத் திரும்பி வர விடவில்லை. தாய் மூடி வைத்த சோற்றுக் கோப்பையை மூன்று நாளாக யாரையும் தொட விடவில்லை. பிரசாந்தி அந்த மூன்று நாளும் அழவில்லை. நாலாம் நாள் அலுமாரிக்குள் போனாள்.

படலை இன்னும் பூட்டேல்லை, யது - உன்ரை
பாதிச் சோறு மூடியிருக்கு, யது…

பாட்டு முழுவதும் ஒவ்வோர் அடியின் முடிவிலும் அந்தப் பெயர் வரும். படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவதுபோல அவள் அதைப் பாடியிருந்தாள்.

இறந்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற புத்தகத்தை இந்தப் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். அதில் தாய் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று பாட்டுகள் வரும். எழுதியது யாராக இருந்தாலும் அவருடைய பெயர் இருக்காது. அடியில் "இங்ஙனம், துயருறும் குடும்பத்தினர்" என்று மட்டும் இருக்கும். அச்சகத்தில் கேட்டார்கள், "ரீச்சர், பாட்டுக்குக் கீழை உங்கடை பேர் போடுறதோ?" என்று. பிரசாந்தி அவர்களைப் பார்த்த பார்வையில் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அழுகைக்கு ஆரும் கையெழுத்து வைக்கிறதோ?" என்றாள்.

கல்வெட்டில் வந்த பாட்டை, தம்பியின் படத்தோடு, இணையத்தில் தன் பக்கத்திலும் ஏற்றினாள். அங்கேயும் கீழே "குடும்பத்தினர்" என்றுதான் எழுதினாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதைக் கேட்டு, தங்கள் தம்பிகளின் பெயரை எழுதி அழுதார்கள். தங்கமுத்து தினமும் விளக்கேற்றிய பிறகு அதை ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தேநீர் குடிப்பாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் இணையத்தில் பாட்டு இருந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தது. பதிப்புரிமையை மீறியதால் காணொளி நீக்கப்பட்டதாம். வெளிநாட்டில் உள்ள ஒரு நிறுவனம் அந்தப் பாட்டு தன்னுடையது என்று முறைப்பாடு செய்திருந்தது. செத்தவீடுகளை நேரலையாக ஒளிபரப்பி, நினைவுக் காணொளி செய்து விற்கிற நிறுவனம். அதன் பக்கத்தில் பாட்டு இருந்தது. பிரசாந்தியின் குரல், பிரசாந்தியின் கீபோட். "யது" வருகிற இடங்களில் மட்டும் வேறொரு பெண்ணின் குரல், கிழிந்த சட்டையில் ஒட்டுப் போட்டதுபோல, வேறு யாரோ ஒருவரின் பெயரைச் சொன்னது. கீழே, "மூன்று நாளில் பெயர் மாற்றித் தரப்படும்" என்று தொலைபேசி இலக்கம்.

"என்ரை பாட்டை நானே களவெடுத்திட்டனாம் அம்மா" என்று சிரித்தாள் பிரசாந்தி. சிரிப்பு நிற்க வெகுநேரம் பிடித்தது. தாய் பயந்து அவள் முதுகைத் தடவினாள்.

கூடப் படித்த வித்தியா யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி. பிரசாந்தி பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். வித்தியா காதில் மாட்டிக் கேட்டாள். தொண்டை கனைத்துப் பாடியவை, பிழைத்து நிறுத்தியவை, ஒன்றில் தொலைவில் தாய் அழும் சத்தம்கூட. ஒவ்வொன்றிலும் திகதி இருந்தது.

"இஞ்சை பாட்டைப் பதியிறதுக்கு எண்டு கந்தோர் ஒண்டும் இல்லையடி. ஆக்கின உடனேயே அது ஆக்கினவளின்ரை. உனக்குச் சான்று வண்டிலாக் கிடக்கு. வெல்லலாம்." காதில் மாட்டியதைக் கழற்றினாள். "ஆனா அவங்கள் முறைப்பாட்டோடை ஒரு கடிதமும் குடுத்திருக்கிறாங்கள். 'இந்தப் பாட்டை ஆக்கினது நான், உரிமை என்ரை, உங்களுக்குத் தாறன்' எண்டு. ஒப்பம் வைச்சது ஆர் தெரியுமே? சிவரூபன். உன்ரை அண்ணை. அந்தக் கடிதம் பொய் எண்டு நீ சத்தியக்கடதாசி முடிக்கவேணும்."

அன்றிரவே பிரசாந்தி அவனுக்கு அழைப்பு எடுத்தாள்.

சிவரூபன் கனடாவில் பன்னிரண்டு வருடம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. தம்பியின் செத்தவீட்டுக்கு வர முடியாதவன். அன்று அந்த நிறுவனம்தான் ஒரு சதமும் வாங்காமல் நேரலை செய்து கொடுத்தது.

"அண்ணை, நீங்களோ அந்தப் பாட்டை எழுதினது?"

"எனக்கு என்ன தெரியும் பிள்ளை? கல்வெட்டிலை குடும்பத்தினர் எண்டுதானே கிடந்தது. குடும்பத்திலை மூத்தவன் நான். ஒப்பம் வையுங்கோ எண்டாங்கள், வைச்சன்."

"வாசிக்கேல்லையோ?"

"இங்கிலீசிலை நாலு பக்கம். அவங்கள் கேட்டு நான் என்னெண்டு இல்லையெண்டுறது? தம்பியின்ரை முகத்தைக் கடைசியா எனக்குக் காட்டினவங்கள் அவங்கள். பெட்டி மூடேக்கை கிட்டக் கொண்டுபோய்க் காட்டினவங்களடி…"

அந்தப் பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மனிதன் வாய்விட்டு அழுதான். பிரசாந்தி காத்திருந்தாள்.

"அண்ணை, தம்பியின்ரை பேரை வெட்டிப்போட்டு ஊரான்ரை பேரை ஒட்டி விக்கிறாங்கள். அதைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான்." மூக்கை உறிஞ்சினான். "நீ சத்தியக்கடதாசி முடிச்சா அவங்கள் என்னிலை வழக்கு வைப்பாங்கள். பொய் ஒப்பம் எண்டு வந்தா என்ரை அகதிக் கேஸும் முடிஞ்சுது, நானும் முடிஞ்சன். பிறகு உன்ரை விருப்பம் பிள்ளை."

வித்தியா தயாரித்த சத்தியக்கடதாசி வீட்டு மேசையில் கிடந்தது. முறைப்பாட்டுக்குப் பதில் அனுப்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. தங்கமுத்துவுக்கு வாசித்துக் காட்டியபோது, தினமும் அந்தப் பாட்டுக்காக ஏங்கிய அதே தாய், பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தனை நெருப்புக்குக் குடுத்திட்டன் மோனை. மற்றவனைக் கடதாசிக்குக் குடுக்கச் சொல்லுறியோ?"

"அப்ப நான் ஆரணை உனக்கு?"

தாய் பிடித்திருந்த கைகளை விட்டாள். எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தாள். அன்றிரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஐந்து நாளும் போயின. கடதாசியில் ஒப்பம் விழவில்லை. வித்தியா எடுத்த அழைப்புகளுக்குப் பதிலும் இல்லை.

அதற்குப் பிறகு மோட்டார் தன் பாட்டில் இரைந்தது. மிக்சியைப் போடலாமா என்று கேதீஸ்வரியக்கா மதிலுக்கு மேலால் இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்தாள். "போடுங்கோ அக்கா, இனி என்ன" என்றாள் பிரசாந்தி. ரியூட்டரியில் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுப்பாள். தனக்கென்று ஒரு சொல்லைக்கூட முணுமுணுக்க மாட்டாள். பஸ் ஹோர்ன் அடித்தால் இப்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

போன மாதம் அதே ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்த கஜானன் சேர் நெஞ்சுவலியில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாளுக்கு உரும்பிராயில் உள்ள அவருடைய வீட்டுக்குப் பிரசாந்தியும் போனாள். பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். படத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி. வீட்டு மருமகன் கைத்தொலைபேசியில் எதையோ தட்டினார்.

படலை இன்னும் பூட்டேல்லை, என்று அவளுடைய குரல் வந்தது. "கஜன்" என்று ஒட்டுக் குரல் முடித்தது.

படத்தின் கீழே சுருண்டு கிடந்த கஜானனின் தமக்கை துடித்து எழுந்தாள். அறுபது வயதுக்காரி. ஒவ்வொரு தரம் பெயர் வரும்போதும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மனுசி மூக்கைச் சிந்திக்கொண்டு பிரசாந்தியின் காதருகே குனிந்தாள்.

"உது கனடாவிலை ஆரோ தம்பிக்காரனுக்குப் பாடினதாம் பிள்ளை. ஈரலைப் பிடுங்குது."

"ஓம் அக்கா" என்றாள் பிரசாந்தி.

கடைசி அடியில், பெயர் வருவதற்கு முன்னால் பாட்டு அறுந்தது. "டேட்டா முடிஞ்சுபோச்சு" என்று மருமகன் சங்கடத்தோடு கைத்தொலைபேசியை உதறினார். யாரிடம் ஹொட்ஸ்பொட் இருக்கிறது என்று முற்றத்தில் தேடினார்கள். தமக்கை பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"ஐயோ, பேர் வரேல்லையே! என்ரை தம்பியின்ரை பேர் வரேல்லையே!"

பிரசாந்தி எழுந்து மற்றப் பெண்களைத் தாண்டி நடந்தாள். அந்தக் கிழவியின் எதிரே முழங்காலில் இருந்தாள். கண்ணை மூடி, விட்ட அடியை அதே சுருதியில் எடுத்தாள். வீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெயர் வரும் இடத்தில் ஒரு மூச்சளவு நின்றாள்.

பிறகு, படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவதுபோல, "கஜன்" என்று பாடினாள்.