வாய்க்காலில் போட்ட மாத்திரைகள்

சிவப்பு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கும்போது எழும் கசந்த மருந்து வாடை, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த பிறகும் என் விரல் நுனியை விட்டுப் போகாது. 2007-இல் நான் ஆறாம் வகுப்பு. குமராட்சிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் காசநோய் வந்திருந்தது. தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'நெஞ்சு சளி' என்பார்கள்.

ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் சுகாதார நிலையத்தில் நர்சின் முன்னாலேயே விழுங்கினார், இருமல் நின்றது. அதற்குப் பிறகு வாரத்தின் முதல் வேளையை மட்டும் அங்கே போட்டுக்கொண்டு, மீதியை வீட்டில் போட்டு, காலி அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும். மாத்திரை போட்ட நாளெல்லாம் அப்பாவுக்குக் குமட்டல், தலைச்சுற்றல்.

"பாப்பா, எனக்குதான் எல்லாம் செரியாயிடிச்சே. இத்தப் போட்டுக்குனு ஸ்டேரிங் புடிச்சா கிறுகிறுன்னு வருது. நீ போற வழியில வாய்க்கால்ல போட்டுட்டு அட்டைய மட்டும் எடுத்துக்குனு வா. அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

அப்பா என்னை நம்பிச் சொன்ன ரகசியம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான்கு மாதமும் தவறாமல் போட்டேன்.

ஒன்றரை வருஷத்தில் இருமல் திரும்பியது, ரத்தத்தோடு. இப்போது ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினார், நோய் கேட்கவில்லை. கடலூரில் டாக்டர், "மருந்துக்குக் கிருமி பழகிடுச்சிம்மா" என்றார். அம்மா மருந்தை ஏசினாள், எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு தினமும் போட்ட ஊசியில் அப்பாவின் காது அடைத்துப்போனது.

பன்னிரண்டாம் வகுப்பில்தான் பரிணாமப் பாடம் வந்தது. குரங்கிலிருந்து மனிதன் வந்த கதை என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தவள், மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய பக்கத்தில் நின்றுவிட்டேன். கிருமி எதற்கும் பழகவில்லை. கோடிக்கணக்கானவற்றில் ஏதோ ஒன்றிரண்டு பிறவியிலேயே சற்று வேறாக இருந்திருக்கின்றன; அரைகுறை மருந்து மற்றவற்றைக் கொன்று, அப்பாவின் நெஞ்சை அவற்றுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறது; அவை பெருகி நிறைந்துவிட்டன. ஓர் உயிரினம் மாற லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் சில மாதங்களே போதுமாக இருந்தன.

காது கேளாதவரிடம் ரகசியத்தைக் காதோடு சொல்ல முடியாது. வாய்க்காலில் நான் போட்ட மாத்திரைகளால்தான் இப்படி ஆனது என்று நோட்டில் எழுதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீட்டினேன். அப்பா மெதுவாகப் படித்தார். தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "நான் போடச் சொன்னேன், நீ போட்ட. போய்ப் படி" என்றார்.

பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய்விட்டார்.

இப்போது அந்தத் தடத்தில் மினிபஸ் இல்லை; வாய்க்காலும் பாதி தூர்ந்துவிட்டது. அம்மா மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நான்தான் அவுரு ஒடம்புக்கு ஒழுங்கா ஆக்கிப் போடல" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். 'இல்லம்மா' என்று ஆரம்பிப்பேன்; பிறகு வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விடுவேன்.