சாத்திய ஹால் கதவு

என் அடுப்பில் நெத்திலிக் கருவாடு வறுபடுகிறது. பொன்மலை ரயில்வே காலனியில், இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் குவார்ட்டர்ஸில், இந்த வாசனை கிளம்பியதுமே மம்மி ஓடிப்போய் ஹால் கதவைச் சாத்துவாள், ஏனென்றால் ஹாலில்தான் இங்கிலாந்திலிருந்து வந்த எங்கள் கொள்ளுத்தாத்தா, எஞ்சின் டிரைவர், தொப்பியும் மீசையுமாகப் போட்டோவில் இருந்தார். கதவிடுக்கு வழியாக வாசனை எப்படியும் அவரிடம் போய்விடும். அவர் கட்டிக்கொண்ட முசிறி செல்லம்மாளுக்குப் போட்டோ கிடையாது. அவள் விட்டுப்போனது இந்த வறுவல்தான்.

காலையில் ஆஸ்திரேலியாவிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். அவன் ஊரில் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பங்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம்.

"நம்ம குடும்பத்துக்கு கொள்ளுத்தாத்தாவை மட்டும் போட்டாப் போதும்க்கா."

"செல்லம்மாளை முதல்ல போடு. இல்லேன்னா என் பேரையும் எடுத்துடு."

கருவாடு சிவக்கிறது. வீட்டில் எல்லாக் கதவையும் திறந்து வைத்திருக்கிறேன்.