அப்பாவின் பகல் தூக்கம்

இன்று வெள்ளவத்தையில், கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில், ஈயம் உருகும் மணம் வந்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீடு, இப்போது வாகனத் தரிப்பிடமாகிவிட்ட அந்தச் சின்ன வீடு, பகலெல்லாம் அப்படித்தான் மணக்கும். வானொலி நிலையத்தில் ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளரான அப்பா, இரவு வேலை முடிந்து வந்து, அந்த மணம் ஒட்டிய சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, தலைமாட்டில் வானொலியை மெல்லப் பாடவிட்டுத்தான் படுப்பார்.

துறைமுக லொறிகளின் ஹோர்ன், கோயில் மணி, எங்கள் சண்டை எதுவும் அவரை எழுப்பாது. ஒரு முறை, தொடர்ந்து இரவு வேலை செய்து களைத்து வந்தவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அம்மா வானொலியை நிறுத்தினாள். உடனே எழுந்து சட்டையைத் தேடினார்.

“ஐயோ, ஸ்டேஷன்ல ஒண்டும் நடக்கேல்ல. நான்தான் நிப்பாட்டினனான். படுங்கோ,” என்றாள் அம்மா.

“சத்தம் நிண்டா, ஒலிபரப்பு போயிட்டுதெண்டுதானே நான் நினைப்பன்?”

“நான் கத்தினா எழும்பமாட்டீங்கள். அது வாயை மூடினா மட்டும் எழும்புவீங்கள்.”

அன்று அவர் மறுபடி தூங்கவில்லை. அதன்பின் அம்மா அதைத் தொடவேயில்லை. செய்தியும் பாட்டும் மரண அறிவித்தலும் அவருடைய குறட்டையின் மேல் ஓடிக்கொண்டேயிருந்தன.

பல வருடங்களுக்குப் பின், அதே கட்டிலில் அவர் மூச்சு அடங்கிய பகலில், அம்மா கையை நீட்டி வானொலியை நிறுத்தினாள். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.