கல்லறை வாசலில் ஒரு அன்ரி

ரொறன்ரோவிலிருந்து எகிப்து பார்க்கப் போன எங்கள் குழுவில் அஜக்ஸ் நகரத்து வயதான பெண் ஒருவர் இருந்தார். பெயர் கேட்கவில்லை; அன்ரி என்றே கூப்பிட்டோம். மெலிந்த உடம்பு, பெரிய கறுப்புக் கண்ணாடி. கோயில்களில் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவார். கல்லறைகளுக்குள் மட்டும் வரமாட்டார்.

ஓர் அரசரின் கல்லறைக்குள் தோழிகளோடு இறங்கினேன். ஆழத்தில் மூச்சு முட்டியது. சுவரில் தீட்டிய கண்களெல்லாம் என்னையே பார்த்தன. பயந்து மேலே ஓடிவந்தவள், பழக்கதோஷத்தில் வாசலில் திரும்பி, வீட்டுக்காரரிடம் விடைபெறுவதுபோல், "போட்டு வாறன்" என்றேன்.

வெளியே நின்ற அன்ரி திடுக்கிட்டார்.

"செத்தவீட்டில வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஆரும் வெளிக்கிடுவினமே, பிள்ளை?"

"அவர் செத்து மூவாயிரம் வருசம், அன்ரி."

"அதுக்கு? சொன்னால் வரத்தானே வேணும். இப்பவே ஒருக்காப் போட்டு, ஒண்டும் சொல்லாமல் வாரும். அதோட முடிஞ்சுது."

"யூனிவர்சிட்டி படிச்சவவுக்குப் பேய்ப் பயம்!" என்று தோழிகள் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இதையெல்லாம் நம்பாதவள் என்று பெருமையடித்தவள். இருந்தும் தனியே மறுபடி இறங்கினேன். வாய் திறக்காமல் ஏறி வந்தேன்.

அன்ரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "முகத்தைக் கழுவும்."

அவர் சிரிக்கவில்லை. பகிடி விட்டாரா, உண்மையாகவே பயந்தாரா என்று ஸ்காபரோ வீட்டுக்குத் திரும்பிய பின்னும் எனக்குத் தெரியவில்லை. கல்லறை பார்த்த அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்பது மட்டும் தெரியும்.