தீப்பெட்டியில் கொண்டுபோன வாஷர்

ஸ்டோர் கிளார்க் சார், என் நண்பனின் பிழைப்பைக் கெடுத்தது நீங்கள்தான்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. வாழ்நாளில் பாதியை டாங்கிக்கும் லாரிக்கும் அடியில் படுத்தே கழித்தவன். நம் குடியிருப்போர் சங்கத்து ஆண்டு மலரில் பிரிட்டிஷ் டாங்கிகளின் பெருமையைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நாலாம் பக்கத்தில் ‘செருப்புத் தோல் ஃபிட்டர்’ என்று ஒருவனை வைத்து ஒரு வேடிக்கைக் கதையும் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் பலர் அதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

உலகப் போர் நடந்தபோது நாங்கள் மூன்று பேரும் எகிப்துப் பாலைவனத்தில் ஒரே ராணுவ வொர்க்‌ஷாப்பில் இருந்தோம். நானும் நண்பனும் ஃபிட்டர்கள். அவனுக்கு ஊர் பம்மல், தோல் ஷெட்டுகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன். கிளார்க் சார் உதிரி பாகங்கள் இருந்த டென்ட்டுக்குப் பொறுப்பாளர். சாவி அவர் இடுப்பில் தொங்கும். போர் முடிந்து இருபது வருடம் கழித்து அவர் ரிட்டயராகி, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தார். வந்த ஆறே மாதத்தில் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்து அலமாரிச் சாவியும் அவர் இடுப்புக்கே போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் பாகிஸ்தானோடு அறுபத்தைந்து சண்டை முடிந்திருந்தது. பிரிட்டனிலிருந்து வாங்கிய சென்சூரியன் டாங்கிகள் நம் பக்கம் நின்று அமெரிக்க டாங்கிகளை அடித்துப் போட்டன என்று பேப்பரில் வந்தது. அவ்வளவுதான். தாம்பரத்தில் பீச் ரயிலுக்கு நின்றவன்கூட பீரங்கிக் குழாயின் நீளத்தைப் பற்றிப் பேசினான். சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தர் கவச வண்டியை எப்படிச் சுற்றி வளைப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தார். இவர்களுக்கெல்லாம் ஒரு தலைவர் வேண்டியிருந்தது. கிளார்க் சார் கிடைத்தார். ஞாயிறு மாலை சங்கக் கூடத்தில் சொற்பொழிவு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் டாங்கிக்குள் ஒரே ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறார், அதுவும் போட்டோ எடுப்பதற்கு. வெளியே தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவன் நான்.

சொற்பொழிவுக்கு நான் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அன்றைக்கு கிளார்க் சாரிடம் ஒரு வேலை இருந்தது. ஆவடியில் டாங்கி கட்டத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் டாங்கியில் கை வைத்த பழைய ஃபிட்டர்கள் இருந்தால் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். நண்பன் போய் ஒரு எஞ்சினைப் பிரித்துக் காட்டினான். அவர்களுக்குத் திருப்தி. ஆனால் ராணுவத்திலிருந்து அனுப்பும்போது கொடுத்த அவனுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: கவனக்குறைவால் டாங்கி ஒன்றை இழக்கக் காரணமானவர். “அப்போ ஸ்டோர்ல இருந்தவர் யாராவது இருந்தா, நடந்தது என்னன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, பார்த்துக்கலாம்” என்று அந்த அதிகாரி நல்லவிதமாகவே சொல்லி அனுப்பியிருந்தார். பம்மலில் தோல் ஷெட்டுகளின் தண்ணீர் பம்புகளை ரிப்பேர் செய்து நாற்றத்தில் வெந்துகொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு கடிதம்தான் வழி. அதைத் தரக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், அவரும் தாம்பரத்திலேயே இருந்தார். நல்ல காலம் என்று நினைத்தோம்.

நாங்கள் போனபோது மேடை விளக்கு எரியவில்லை. பல்பு உடைந்து வாட்ச்மேன் பெருக்கித் தள்ளியிருந்தார். அலமாரியில் புது பல்புகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

“புது பல்பு குடு சார், ஆளுங்க வந்துகினு கீறாங்க” என்றார் வாட்ச்மேன்.

“பழசு எங்கே?” என்றார் கிளார்க் சார்.

“ஒடஞ்சி பூட்ச்சி சார். பெருக்கி குப்பைல கொட்டிட்டேன்.”

“பழசு இல்லாம எப்படிப்பா புதுசு இஷ்யூ பண்றது? ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்கில்ல?”

“இன்னா சார், குப்பைல போய் கண்ணாடி பொறுக்கி எட்த்தாரவா?”

“எடுத்துட்டு வா. அடியில இருக்கிற பித்தளை மூடியாவது வேணும்.”

கடைசியில் வாசல் விளக்கின் வெளிச்சத்திலேயே சொற்பொழிவு நடந்தது. பேச்சாளரின் முகம் தெரியவில்லை, வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. என் பக்கத்தில் நண்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்குக் காரணம் புரியவில்லை.

பிரிட்டிஷ் டாங்கியில் குறையே கிடையாது என்று தொடங்கினார். மட்டில்டா டாங்கி என்றார். உண்மைதான், மட்டில்டாவின் தோல் தடிப்பு. எதிரியின் குண்டுகள் பட்டுத் தெறித்து விழுந்ததை நானே தடவிப் பார்த்திருக்கிறேன், சட்டி அடியில் கரண்டி பட்டதுபோலத்தான் இருக்கும். ஆனால் அது நகர்ந்தது மாட்டு வண்டி மாதிரி. மேலே பெரிய பீரங்கி வைக்கலாம் என்றால் இடம் போதாது. வாலண்டைன் என்றார். அதுவும் நல்ல வண்டி, நாங்கள் அழுது வேலை பார்க்காத ஒரே வண்டி. ஆனால் கூண்டுக்குள் இரண்டே ஆள். கமாண்டரே பாதையைப் பார்க்க வேண்டும், அவரே குண்டும் போட வேண்டும். ஒருத்தரிடம் பஸ் ஓட்டிக்கொண்டே டிக்கெட்டும் கிழி என்று சொன்ன மாதிரி. அந்தக் காலத்துப் பீரங்கி இரும்பைத் துளைக்கும், ஆனால் வெடிக்கும் குண்டு அதற்குக் கொடுக்கவில்லை. பள்ளத்தில் பதுங்கி எதிரி சுட்டால் இவர்கள் அவன் தலைக்கு மேலே இரும்புக் கட்டி எறிய வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

பிறகு க்ரூஸேடருக்கு வந்தார். பார்க்க அழகான வண்டி, தாழ்வாக, வேகமாக, வேட்டை நாய் மாதிரி ஓடும். ஓடும்வரை. எஞ்சின் முதல் உலகப் போர் காலத்து விமான எஞ்சின், அதைச் சப்பையாக்கி உள்ளே அடைத்தார்கள். காற்று வடிகட்டியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பின்பக்கம், சக்கரப் பட்டை மணலை வாரி இறைக்கும் இடத்தில். வாயைத் திறந்து குப்பை மேட்டில் வை என்பதுபோல. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் பம்ப். பம்பின் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பிடிக்க ஒரு வாஷர் உண்டு. மணல் அந்த வாஷரைத் தின்றுவிடும். வாஷர் போனால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் எஞ்சின் போகும். அந்தப் பாலைவனத்தில் க்ரூஸேடரை அடித்ததில் எதிரிக்குப் பாதிப் பங்கு என்றால் அந்த வாஷருக்குப் பாதிப் பங்கு.

கிளார்க் சார் சொன்னது வேறு. “வண்டி பிரமாதம். நம்மாளுங்க கைல மாட்டிக்கிட்டதுதான் கஷ்டம். நம்ம பம்மல் பக்கத்து ஃபிட்டர் ஒருத்தர், வாட்டர் பம்புக்கு செருப்புத் தோலை வெட்டி வாஷர் போட்டுட்டார்! வெந்நீர்ல தோல் சுருங்காதா? பாவம், அவருக்குத் தெரிஞ்ச மெட்டீரியல் அது ஒண்ணுதான்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. பம்மல், தோல், அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. சிரித்தவர்களுக்கே தெரியும்.

நானும் அந்தக் கதையை இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் நான் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரி டென்ட்டில் கிடந்தேன். திரும்பி வந்தபோது நண்பனை வேலையை விட்டு நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். வொர்க்‌ஷாப் முழுக்க இந்தக் கதைதான். நான் அவனிடம் கேட்டதே இல்லை, அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கூடத்தில் கேட்டேன். “நிஜமாவே தோலாடா போட்ட?”

“ஆமா மச்சான். என் இடுப்பு பெல்ட்ட வெட்டித்தான் போட்டேன்.”

“வெந்நீர்ல சுருங்கும்னு உனக்குத் தெரியாதா?”

“பம்மல்காரங்கிட்ட கேக்கற கேள்வியா இது? எண்ணெய்ல ஊற வச்சா அரை நாள் தாங்கும். டிரைவராண்ட சொல்லிதான் அனுப்சேன், மதியத்துக்கு மேல ஓட்டாதே, நின்னுடுன்னு. அவன் ஆபீசர் நிக்க விடலை.”

“ஸ்டோர்ல கேட்டிருக்கலாமே?”

அவன் மேடையைக் கை காட்டினான். “பல்பு கதை பாத்தியே, அதே கதைதான். புது வாஷர் குடுன்னு போனேன். பழசு எங்கன்னாரு. பழசு ஏது? மண்ணு தின்னு தூளா கீது. சரி, ரூல்ஸ் கேக்குறாரேன்னு அந்தத் தூள ஒரு தீப்பெட்டில போட்டு எட்த்துகினு போய்க் குடுத்தேன். திறந்து பாத்துட்டு, ‘இது வாஷர் இல்லை, தூள்’னு திருப்பிக் குடுத்துட்டாரு. பின்னாடி பெட்டில புதுசு அடுக்கி கீது மச்சான். என் கண்ணால பாத்தேன்.”

அந்த டாங்கி பாலைவனத்தில் பாதி வழியில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி நடந்தே திரும்பி வந்தார்கள். வண்டி எதிரி கைக்குப் போனது. விசாரணையில் கிளார்க் சார் எழுதிக்கொடுத்தது இரண்டே வரி: வாஷர் இருப்பில் இருந்தது. முறைப்படி கேட்கப்படவில்லை. இரண்டும் உண்மைதான். அப்படி உண்மையை எழுதி ஒருத்தனைத் தீர்த்துக்கட்ட ஒரு தனித் திறமை வேண்டும்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். நண்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

“சார், என்னைத் தெரியுதா? அந்தச் செருப்புத் தோல் நான்தான்.”

அவர் கப்பை மேஜையில் வைத்தார். பிறகு சிரித்தார். “அடடே! ஒண்ணும் மனசுல வச்சுக்காதப்பா. ஒரு ஹ்யூமருக்குச் சொன்னது.”

“நான் ஒண்ணும் வச்சிக்கல சார். ஒரே ஒரு லெட்டர். புது வாஷர் கேட்டேன், பழசு இல்லைன்னு நீ குடுக்கலை. அவ்ளோதான் எழுதணும். வேல கெடைக்கும் சார்.”

“நீ ஃபார்ம் ஃபில் பண்ணிக் கேட்டியா?”

“தீப்பெட்டில கொண்டாந்தேனே சார்.”

“தீப்பெட்டி ஃபார்ம் இல்லையேப்பா.”

இந்த இடத்தில் நான் உள்ளே நுழைந்தேன். என்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. வாட்ச்மேன் மட்டும் அதை ரசித்தார். கிளார்க் சார் டீ கப்பை எண்ணி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, அலமாரியைப் பூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நண்பன் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனான். முதல் முறை யோசிக்கிறேன் என்றார். இரண்டாம் முறை அவர் வீட்டில் இல்லை, செருப்பு மட்டும் வாசலில் இருந்தது. ஆவடியில் அவர்களும் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? வேறு ஆட்களை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு எழுபத்தொன்று சண்டையும் வந்தது. மறுபடியும் டாங்கிப் பேச்சு, மறுபடியும் சொற்பொழிவு. கிளார்க் சார், சென்சூரியனைப் பற்றி மலரில் நீங்கள் எழுதியிருப்பதில் பாதி எனக்கும் சம்மதம். அழுத்தமான உடம்பு, குறி தவறாத பீரங்கி. உள்ளேயே டீ போடப் பாத்திரம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் அது பெட்ரோல் குடிக்கிற வேகத்துக்குப் பின்னாலேயே லாரி ஓட வேண்டும் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரு வண்டியின் பலத்தைச் சொல்கிறவன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் செய்த தப்பு எல்லாம் எங்கள் ஃபிட்டர் தலையில் விழுந்தால் வண்டிக்குக் குறையே இருக்காதுதான். அவர்களே பின்னால் அந்தப் பம்பை மாற்றினார்கள், அது எங்களுக்குத் தெரியும். தப்பு என்று அவர்களுக்கே தெரிந்தது உங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

நண்பன் இன்னும் பம்மலில்தான் இருக்கிறான், இன்னும் பம்ப்தான். மலரை நான் அவனுக்குக் காட்டவில்லை. ஷெட்டில் யாரோ காட்டிவிட்டார்கள். போன வாரம் போனபோது, “உட்றா மச்சான், பேஜாரு” என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வந்து, அந்தச் சிவப்பு வரியை விரலால் தடவினான். அந்த மை கொஞ்சமும் மங்கவில்லை. எழுது என்று அவன் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

வேலை இனிக் கிடைக்காது, அவனுக்கு வயதாகிவிட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி வந்தால் போதும். அடுத்த ஞாயிறு சங்க ஆண்டு விழா. உங்களுக்குப் பொன்னாடை போடப் போகிறார்கள். மேடையில் மைக் இருக்கும், இந்த முறை பல்பும் எரியும், நானே ஒன்று வாங்கி வந்து மாட்டுகிறேன். நண்பனை முன் வரிசையில் உட்கார வைப்பேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். அவர்கள் எதிரில் பதில் சொல்லுங்கள் சார்: அவன் தீப்பெட்டியோடு உங்கள் டென்ட்டுக்கு வந்தானா, இல்லையா?