கோசோங் என்று எழுதிய குழி

மூன்று வருடங்களுக்கு முன், மலேசியாவில் சிகாமட் பக்கம் ஒரு கல்குவாரியில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தேன். என்றோ எரிமலை கக்கிய கருங்கல்லை உடைக்கும் இடம் அது. ஆட்கள் குழியில் இறங்க அனுமதித் தாள் எழுதித் தருவது என் வேலை. 'உள்ளே என்ன இருக்கிறது' என்று அதில் ஒரு கட்டம். தண்ணீர் வற்றிய குழி என்றால், யோசிக்காமல் 'கோசோங்' என்று எழுதிவிடுவேன். காலி என்பதற்கு இங்கே எல்லார் வாயிலும் வரும் மலாய்ச் சொல் அதுதான்.

அன்று காலை பம்ப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் தம்போய் என்ற ஊரிலிருந்து வந்திருந்தார். பம்புக் குழி பல மாதம் மூடியே கிடந்தது. திறந்தால் அடியில் கொஞ்சம் ஈரம், சுவரெல்லாம் செந்நிறத்தில் வழவழப்பான படிவு. துருதான் என்று நினைத்தோம். காற்றை அளக்கும் மீட்டர் பழுதாகிப் பட்டறைக்குப் போயிருந்தது.

"உள்ள என்ன இருக்கு, தங்கச்சி?"

"ஒண்ணும் இல்லண்ணே, கோசோங்தான். சீக்கிரம் முடிச்சிட்டு வாங்க, பசியாறப் போலாம்."

ஏணியில் பாதி இறங்கியதும் அவர் கை நழுவியது. ஒரு சத்தம்கூட வரவில்லை. அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்கப் போன இன்னொரு ஆளைப் போர்மேன் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கியபோது அண்ணனுக்கு உயிர் இல்லை.

காலிக் குழியில் ஒருவர் எப்படிச் சாவார்? "தண்ணி போட்டுட்டு எறங்கியிருப்பாரு லா" என்று கான்டீனில் பேச்சு கிளம்பியது. என் தாள்தான் அதற்குச் சாட்சி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

சில வாரம் கழித்து விசாரணைக்காரர்களோடு ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார், தமிழ்ப் பெண். அந்தப் படிவைச் சுரண்டிக் குப்பியில் எடுத்துக்கொண்டே, "இது வெறும் துரு இல்லைங்க, உயிருள்ளது" என்றார். இந்தக் கல்லில் இரும்பு அதிகமாம். அது தண்ணீரில் கரைய, அந்த இரும்பிலிருந்தே சக்தி எடுத்து வாழும் நுண்ணுயிர்கள் உண்டாம். வெயிலே வேண்டாமாம். மூடிய குழியில் அவையும் துருப்பிடிக்கும் இரும்புமாகச் சேர்ந்து ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டனவாம்; அதனால்தான் அண்ணன் மூச்சுக்குக் காற்றில்லாமல் விழுந்திருக்கிறார். பூமிக்குள் ஆழத்தில், கல்லும் தண்ணீரும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ரஜனை வைத்தே, காற்றில்லாமல் வாழ்பவையும் இருக்கலாம் என்றார்.

அன்றே பஸ் ஏறி அண்ணனின் வீட்டுக்குப் போனேன்.

"குடிச்சிருந்தாரான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. உள்ள என்னதாம்மா இருந்துச்சு?" என்றார் அவர் மனைவி.

எல்லாவற்றையும் சொன்னேன், காலி என்று எழுதியது நான்தான் என்பதையும். அவர் திட்டவில்லை.

"இத்தன நாளா ஏம்மா வரல?"



இப்போது வேறு இடத்தில் அதே வேலை. மீட்டர் வரும்வரை அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்றுதான் எழுதுகிறேன். வேலை நிற்கிறதென்று ஆட்கள் எரிந்து விழுகிறார்கள். ஆனால் சாப்பாட்டுக் கடையில் யாராவது "தே ஓ கோசோங்" என்று சர்க்கரையில்லாத தேநீர் கேட்டாலும் அந்தக் குழிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்த அண்ணன் என் ஒரு சொல்லை நம்பித்தான் இறங்கினார்.